நாலு மூலையிலும் வைத்துப் பார்

என் கணவருக்கு இந்த உலகத்தில் தராசைத் தவிர வேறு எதன் மேலும் நம்பிக்கை கிடையாது. தராசு ரிப்பேர் செய்வதுதான் அவர் தொழில். கடை, கிடங்கு, ஆஸ்பத்திரி என்று எங்கே எடை மெஷின் தப்பாகக் காட்டினாலும் இரும்புப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய் நிற்பார். பெட்டிக்குள் வெல்வெட் துணியில் சோதனை எடைக்கற்கள் இருக்கும். ஒரு கிராமில் தொடங்கி ஐந்து கிலோ வரைக்கும். அவற்றை வெறும் கையால் தொடக்கூடாது, வேர்வை ஒட்டி எடை கூடிவிடுமாம். கல்யாணமான புதிதில் நான் ஒரு கல்லைத் தொட்டுவிட்டேன் என்று இரண்டு நாள் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார். மூன்றாம் நாள் நான் தூக்கி வைத்துக்கொண்டேன். அதற்குப் பிறகு அவர் அந்த விளையாட்டுக்கு வரவில்லை.

நான் டெய்லர். தூங்கும்போது தவிர மற்ற நேரமெல்லாம் என் கழுத்தில் டேப் தொங்கும். அவருக்குக் கிலோ கணக்கு, எனக்கு இன்ச் கணக்கு, எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் நிஜமான கணக்கு ஒருத்தி. என் நாத்தனார், பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். எங்கள் தலைக்கு மேலே மாடி வீட்டில் தனியாக இருந்தாள். நாற்பத்தோரு வயது ஆனாலும் அவள் அண்ணனுக்கு அவள் 'பாப்பா'தான். ஏன் கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை என்று யாராவது கேட்டால், "குடும்பத்துக்கு ஒரு அடிமை போதும், அதான் எங்க அண்ணி இருக்காங்களே" என்பாள். எங்களுக்குள் வாய்ச்சண்டை இல்லாத ஞாயிற்றுக்கிழமையே கிடையாது. மாடியிலிருந்து அவள் செருப்புச் சத்தம் இறங்கி வரவில்லை என்றால் எனக்கு அன்றைக்குச் சமையலே ஓடாது.

அந்தச் சத்தம் மெதுவாகிக்கொண்டே வந்தது. கண் மஞ்சளானது. அவளுடைய உடம்பே அவளுடைய கல்லீரலை எதிரி என்று நினைத்து அழித்துக்கொண்டிருக்கிறது என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். குடியா, எண்ணெயா, எதையாவது குற்றம் சொல்லலாம் என்று பார்த்தால் சொல்ல ஒன்றுமில்லை.

"கூடப்பிறந்தவங்க கல்லீரல்ல ஒரு பகுதியைக் குடுத்தா பிழைச்சுக்குவாங்க" என்றார் டாக்டர். "குடுக்கறவங்களுக்கு மிச்சம் இருக்கறது ரெண்டு மூணு மாசத்துல தானா வளர்ந்து கிட்டத்தட்ட பழைய அளவுக்கு வந்துடும். வாங்கிக்கறவங்க உடம்புலயும் வளரும்."

நான் அவரை ஏற இறங்கப் பார்த்தேன். "நகம் வளர்ற மாதிரியா டாக்டர்?"

"நகத்தைவிட நல்லாவே."

எனக்கு நம்பிக்கை வரவில்லை. வெட்டிய துணி வளர்ந்து நான் பார்த்ததில்லை.

என் கணவருக்கு எல்லாப் பரிசோதனையும் ஆனது. ரத்தம் சேர்ந்தது, இதயம் நன்றாக இருந்தது. கடைசியாக வந்த ஸ்கேன்தான் காலை வாரிவிட்டது. அப்போது அவர் எடை நூற்று மூன்று கிலோ. கல்லீரலில் பதினெட்டு சதவீதம் கொழுப்பு. இந்த நிலையில் எடுத்து வைத்தால் அங்கே அது சரியாக வேலை செய்யாது, இங்கே இவருக்கும் ஆபத்து என்றார் டாக்டர்.

"கொழுப்பு கரையும். கல்லீரல் மாதிரி பெருந்தன்மையான உறுப்பு உடம்புல வேற இல்ல. ஆனா மெதுவாப் போகணும். வாரத்துக்கு அரைக் கிலோ, மிஞ்சிப்போனா ஒரு கிலோ. பட்டினி மட்டும் கூடவே கூடாது. எங்க டயட்டீஷியனைப் பாருங்க."

"எவ்வளவு நாள் இருக்கு டாக்டர்?" என்று கேட்டார் இவர்.

"நாலு மாசம். அதுக்கு மேல உங்க தங்கச்சியால தாக்குப்பிடிக்க முடியாது."

டாக்டர் சொன்ன அத்தனையிலும் இவர் காதில் விழுந்தது ஒரே ஒரு விஷயம்தான். எடை குறைய வேண்டும். டயட்டீஷியன் அறையைத் தாண்டி வேகமாக நடந்து வீட்டுக்கு வந்தார். அடுத்த நாள் தன் பட்டறையிலிருந்து ஒரு எடை மெஷினைக் கொண்டுவந்து கூடத்தில் வைத்தார். பத்து கிராம் வித்தியாசத்தைக்கூடக் காட்டுமாம்.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் பட்டினி ஆட்சி. காலையில் பால் இல்லாத டீ. மத்தியானம் இரண்டு வெள்ளரிக்காய். சாயங்காலம் மறுபடி டீ. நான் தட்டை வைத்தால், "பாப்பா சாகக் கிடக்கறா, நான் கொட்டிக்கணுமா?" என்று சீறுவார். ஒரு நாளைக்கு ஏழு தடவை மெஷினில் ஏறுவார். தண்ணீர் குடித்த பிறகு ஏறிப் பார்த்துத் தண்ணீரையே பகையாளியாக நினைக்க ஆரம்பித்தார். எண் மட்டும் மளமளவென்று இறங்கியது. பத்தொன்பது நாளில் எட்டுக் கிலோவுக்கு மேல் போய்விட்டது. தெருவில் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொன்னார்.

பதினேழாம் நாள் ஒரு கடையில் ஐந்து கிலோ சோதனைக்கல் கை நடுங்கி நழுவிக் கீழே விழுந்துவிட்டது. ஓரம் நசுங்கிப்போனது. நசுங்கிய கல்லை இனிமேல் சோதனைக்கு வைக்க முடியாது. முன்பெல்லாம் அப்படி நடந்திருந்தால் ஒரு வாரம் துக்கம் அனுஷ்டித்திருப்பார். இந்தத் தடவை பெட்டியின் மூலையில் போட்டுவிட்டு மெஷினில் ஏறப் போனார்.

அதற்கு அடுத்த நாள், சட்டையைப் பிடித்துத் தைக்கச் சொல்லி வந்து நின்றார். டேப்பைப் போட்டேன். தோள் இறங்கியிருந்தது. புஜம் ஒன்றேகால் இன்ச் குறைந்திருந்தது. தொடை இரண்டு இன்ச். இடுப்புக்கு வந்தேன். அரை இன்ச்கூட முழுதாகக் குறையவில்லை. சட்டையின் தோள்பட்டை தொளதொளவென்று தொங்கியது, வயிற்றுப் பித்தான் மட்டும் முன்பு போலவே மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றது.

"ஏங்க, கை கால்தான் இளைச்சிருக்கு. தொப்பை அப்படியே இருக்கு."

"உன் டேப்பு துணி. இழுத்தா நீளும். தராசு நீளாது."

இருபத்திரண்டு வருஷமாகச் சோறு போடும் என் டேப்பைச் சொன்னால் எனக்கு எப்படி இருக்கும்? எப்படியோ போங்கள் என்று வாயை மூடிக்கொண்டேன். அன்றைக்கு என் கோபத்தை ஓரமாக வைத்துவிட்டு அவர் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போயிருக்க வேண்டும். இன்றைக்கும் அதை நினைத்தால் என் மேலேயே எனக்குக் கோபம் வருகிறது.

மூன்று வாரம் முடிந்து ரத்தமும் ஸ்கேனும் எடுத்தார்கள். இவர் பரீட்சையில் முதல் மார்க் வாங்கப் போகிற பையன் மாதிரி உட்கார்ந்திருந்தார். டாக்டர் ரிப்போர்ட்டை இரண்டு தடவை படித்தார்.

"என்ன பண்ணீங்க?"

"எட்டுக் கிலோ குறைச்சிருக்கேன் டாக்டர்."

"அதுல பாதிக்கு மேல தசையும் தண்ணியும்தான் போயிருக்கு. கொழுப்பு பெருசா அசையல. பட்டினியில கல்லீரலுக்கு வீக்கம் வந்திருக்கு. போன தடவையைவிட மோசம்." அவர் குரலை உயர்த்தவில்லை. உயர்த்தியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். "மூணு வாரம் வீணாப் போச்சு. இனிமே இருக்கறது பதிமூணு வாரம்."

வீட்டுக்கு வந்து சேர்ந்தோம்.

விஷயம் கேட்டு நாத்தனார் மாடியிலிருந்து இறங்கி வந்தாள். பதினாறு படி. மூன்று இடத்தில் உட்கார்ந்து எழுந்து வந்தாள். வந்தவள் அண்ணன் முன்னால் நின்றாள்.

"நீ செத்துப்போய் எனக்கு ஈரல் குடுப்பியா? எனக்கு அப்படி ஒண்ணும் வேண்டாம். பள்ளிக்கூடத்துல வழி தெரியாம விடையை மட்டும் காப்பி அடிச்சு எழுதற பசங்களை எனக்கு நல்லாத் தெரியும். நீ அதைத்தான் பண்ணியிருக்க."

அவர் மெஷின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து அழுதார். அத்தனை வருஷத்தில் நான் பார்க்காத அழுகை. "எனக்குத் தெரிஞ்சது இது ஒண்ணுதான் பாப்பா. எண் குறைஞ்சா உன்னைக் காப்பாத்திடலாம்னு நினைச்சேன்" என்றார்.

எனக்கு அழுகை வருவதற்குப் பதிலாக ஆத்திரம்தான் வந்தது. நேராகப் போய்க் கேட்டேன். "ஒரு மெஷின் சரியா இருக்கா இல்லையான்னு எப்படிச் சோதிப்பீங்க?"

"இப்ப எதுக்கு அது?"

"சொல்லுங்க."

மூக்கைத் துடைத்துக்கொண்டார். தொழிலைப் பற்றிக் கேட்டால் அவரால் பதில் சொல்லாமல் இருக்க முடியாது. "நடுவுல கல்லை வெச்சா எந்த ஓட்டை மெஷினும் சரியாத்தான் காட்டும். நாலு மூலையிலயும் மாத்தி மாத்தி வெச்சுப் பாக்கணும். நாலும் ஒத்துப்போனாத்தான் சீல் ஒட்டணும்."

"உங்க உடம்புக்கு மட்டும் ஏன் ஒரே இடத்துல வெச்சுப் பாத்துட்டு சீல் ஒட்டினீங்க?"

நாத்தனார் என்னைத் திரும்பிப் பார்த்தாள். அண்ணி ஒரு கணக்கைச் சரியாகப் போட்டுவிட்டாளே என்கிற ஆச்சரியம் அந்த மஞ்சள் கண்ணில் தெரிந்தது. இவர் என் கழுத்தில் தொங்கிய டேப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "நாளைக்கு அந்த டயட்டீஷியனைப் பாக்கப் போகலாம்" என்றார்.

டயட்டீஷியன் நல்ல பருமனான மனுஷி. அவரைப் பார்த்ததும் இவர் முகம் போன போக்கை நான் கவனித்தேன், அந்த அம்மாவும் கவனித்தார்.

"நான் இருபத்தியாறு கிலோ குறைச்சு இப்படி இருக்கேன். அஞ்சு வருஷமா இப்படியே இருக்கேன். உக்காருங்க. காலையில என்ன சாப்பிட்டீங்க?"

"ஒண்ணும் சாப்பிடல" என்றார் இவர், பழக்கதோஷத்தில் பெருமையாக.

அந்த அம்மா மேஜை டிராயரைத் திறந்து ஒரு வாழைப்பழத்தையும் அவித்த முட்டையையும் எடுத்து நீட்டினார். "சாப்பிடுங்க. அப்புறம் பேசலாம்." அது அவருடைய சொந்த டிபனாகத்தான் இருக்க வேண்டும். இவர் சாப்பிட்டு முடித்ததும் அந்த அம்மா ஆரம்பித்தார்.

"பஞ்சம் வந்துடுச்சுன்னு உங்க உடம்பு பயந்துபோய்க் கிடக்கு சார். அதான் கையில அகப்பட்ட தசையை எல்லாம் எரிக்குது. பஞ்சம் இல்ல, பயப்படாதேன்னு தினமும் மூணு வேளை அதுக்குச் சொல்லணும். தட்டுல பாதி காய்கறி. கால் பங்கு முட்டை, மீன், பருப்பு இந்த மாதிரி. கால் பங்கு சோறோ ரொட்டியோ. தினம் நடக்கணும். நல்லாத் தூங்கணும். வாரத்துல மூணு நாள் கையால எடை தூக்கணும், போன தசையைத் திருப்பி வாங்க. மெஷின்ல வாரத்துக்கு ஒரு தடவை ஏறினாப் போதும்."

"ஒரே தடவையா?" இவர் குரல் உடைந்தது.

மெஷினை நாத்தனார் மாடிக்குத் தூக்கிப் போகச் சொன்னாள். தன் கட்டிலுக்கு அடியில் வைத்துக்கொண்டாள். ஞாயிற்றுக்கிழமை காலை மட்டும் வெளியே வரும். இவர் ஏறி நிற்பார், குனிந்து பார்க்க அனுமதி இல்லை. அவள் படித்து நோட்டில் எழுதுவாள். நான் டேப் போட்டு இடுப்பு, புஜம் இரண்டையும் சொல்வேன், அதையும் எழுதுவாள். பதினாறு படி ஏற எத்தனை மூச்சு வாங்கினார் என்பது ஒரு கட்டம். ராத்திரி எத்தனை மணி நேரம் தூங்கினார் என்பது இன்னொன்று. நோட்டின் அட்டையில் 'நாலு மூலை' என்று எழுதி அடிக்கோடு போட்டிருந்தாள்.

எடை தூக்குவதற்கு அந்த நசுங்கிய ஐந்து கிலோ கல் கிடைத்தது. சோதனைக்கு உதவாத கல்லை இனிமேல் வெறும் கையால் தொடலாம் அல்லவா? முதல் நாள் அதைப் பிடிக்கும்போது அவருக்கு விரல் கூசியது. ஆறு தடவை தூக்கியதும் கை ஆடியது. அதே கல்லைச் சில வாரம் கழித்து இருபது தடவை தூக்கிவிட்டு, "ஒரு கிராம் குறைஞ்சாலும் நல்ல கல்லு" என்று தட்டிக் கொடுத்தார்.

எல்லாம் நேர்கோடாகப் போனது என்று சொன்னால் பொய். முதல் வாரம் ஒழுங்காகச் சாப்பிட்டதும் எடை இரண்டு கிலோ ஏறியது. வறண்ட உடம்பில் தண்ணீர் திரும்புகிறது, பயப்பட வேண்டாம் என்று டயட்டீஷியன் போனில் நாலு தடவை சொல்ல வேண்டியிருந்தது. ஆறாம் வாரமும் ஏழாம் வாரமும் எண் ஓர் இடத்தில் நின்றுகொண்டு நகர மாட்டேன் என்றது. நாத்தனார் எண்ணைச் சொல்லும்போது அவள் குரலை வைத்தே இவர் கண்டுபிடித்துவிடுவார். அந்த வாரம் ஒரு கேக் கடையில் தராசு பார்க்கப் போனவர், வேலை முடிந்ததும் நாலு துண்டு கேக்கை நின்ற இடத்திலேயே தின்றுவிட்டார். வீட்டுக்கு வந்து கொலைகாரன் சரணடைவது போலச் சொன்னார். "இன்னைக்கு எனக்குச் சாப்பாடு வேண்டாம்."

நான் வழக்கமான தட்டை வழக்கமான அளவில் வைத்தேன். "கேக்கு மத்தியானம் தின்னது. அதுக்கு இந்தக் காயி என்ன பாவம் பண்ணிச்சு? உக்காந்து சாப்பிடுங்க."

அவர் உட்கார்ந்தார். ஒவ்வொரு வாயாக மென்று சாப்பிட்டார். கண்ணில் தண்ணீர் நின்றது, கீழே விழவில்லை. பட்டினி கிடப்பதற்கு வீம்பு இருந்தால் போதும். பயத்தை மடியில் வைத்துக்கொண்டு அளவாகச் சாப்பிட்டு அளவாக எழுந்திருப்பது எத்தனை கஷ்டம் என்று அன்றைக்கு அவர் முகத்தில் பார்த்தேன். எனக்கு என் கணவரைக் கையெடுத்துக் கும்பிட வேண்டும் போல இருந்தது. கும்பிட்டால் பிறகு தாங்க முடியாது என்று விட்டுவிட்டேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமையும் எண் நகரவில்லை. நான் டேப்பைச் சுற்றினேன். தப்பாகப் பிடித்துவிட்டேனோ என்று மறுபடி சுற்றினேன். அந்த இரண்டு வாரத்தில் இடுப்பு ஒன்றரை இன்ச் உள்ளே போயிருந்தது. புஜம் கால் இன்ச் ஏறியிருந்தது.

"எழுது" என்றேன் நாத்தனாரிடம். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது.

"டேப்பு இழுத்தா நீளுமே அண்ணி?" என்றாள் அவள், அண்ணனைப் பார்த்துக்கொண்டே.

"நீளாது" என்றார் இவர். "அவ டேப்பு நீளாது."

அவர் தேறத் தேற அவள் கரைந்துகொண்டிருந்தாள். அதே மெஷினில் அவளும் ஏறிப் பார்ப்பாள். எடை மூன்று கிலோ கூடியிருந்தது. "பாத்தீங்களா அண்ணி, நான் உடம்பு போட்டுட்டேன்" என்று சிரித்தாள். அத்தனையும் வயிற்றில் சேர்ந்த நீர். கை இரண்டும் குச்சியாக இருந்தன. அவள் பிறந்தநாளுக்கென்று புள்ளி போட்ட நீலத் துணி ஒன்று எடுத்து வைத்திருந்தேன். அளவெடுக்க டேப்போடு மேலே போனபோது என் கையை மெதுவாகத் தள்ளினாள்.

"எனக்கு அளவு எடுக்காதீங்க அண்ணி. இன்னைக்கு இருக்கற அளவு அடுத்த மாசம் இருக்காது. அடுத்த மாசம் நானே இருக்கேனோ என்னவோ. துணி வீணாப் போகும்."

துணியை மடித்து அலமாரியில் வைத்தேன்.

பதினோராம் வாரம் ஸ்கேன் எடுத்தார்கள். எடை தொண்ணூறரை. டாக்டர் பழைய படத்தையும் புதிய படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினார். பழையதில் கல்லீரல் ஈரச் சுண்ணாம்பு அப்பியது போல வெளுத்திருந்தது. புதியது தெளிவாக, சீராக, ஓரம் கூர்மையாக இருந்தது. கொழுப்பு நாலு சதவீதம்.

"இதைவிட நல்ல கல்லீரல் கேக்க முடியாது" என்றார்.

நான் அந்தப் படத்தை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. அதை யாரும் கையால் தேய்த்துக் கழுவவில்லை, உள்ளே மருந்து ஊற்றவில்லை. நான் வைத்த தட்டு, அவர் நடந்த தெரு, தூங்கிய தூக்கம், அவ்வளவுதான். வேளைக்கு வேளை, எங்கள் யாருக்கும் தெரியாமல், இந்தக் கோபக்கார மனிதருக்கு உள்ளே ஏதோ ஒன்று உட்கார்ந்து வருஷக்கணக்கான அழுக்கைத் துடைத்திருக்கிறது. எனக்கு மெய்சிலிர்த்தது. பக்கத்தில் இவர் வாயைத் திறந்தபடி உட்கார்ந்திருந்தார். எடை எவ்வளவு என்று கேட்கக்கூட மறந்துபோயிருந்தார்.

ஆபரேஷனுக்கு நாள் குறித்தார்கள். டாக்டர் விளக்கிக்கொண்டே வந்தார். "வெளிய எடுத்ததும் அதை எடை போடுவோம். உங்க தங்கச்சி உடம்புக்குக் குறைஞ்சது நானூறு கிராமாவது வேணும்."

இவர் நிமிர்ந்தார். "எந்தத் தராசுல?"

நான் மேஜைக்கு அடியில் அவர் காலை மிதித்தேன். டாக்டர் சிரித்துவிட்டு நர்ஸிடம் கேட்டார். நர்ஸ் போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். "சார், அதுல உங்க ஸ்டிக்கர்தான் இருக்கு. உங்க கையெழுத்து."

அந்த ஆஸ்பத்திரி தராசுகளுக்குப் பன்னிரண்டு வருஷமாக இவர்தான் சீல் ஒட்டுகிறார். அந்தச் சின்னத் தராசையும் வருஷா வருஷம் சோதித்திருக்கிறார். அதில் என்ன வைத்து நிறுப்பார்கள் என்று ஒரு தடவைகூடக் கேட்டதில்லை.

ஆபரேஷனுக்கு இரண்டு நாள் முன்பு, அனுமதி வாங்கிக்கொண்டு பெட்டியோடு போனார். நான் கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்றேன். உறை போட்ட கையால் ஐந்நூறு கிராம் கல்லை எடுத்தார். முதல் மூலை. இரண்டாவது. மூன்றாவது. நாலாவது. ஒவ்வொரு தடவையும் குனிந்து எண்ணைப் படித்தார். கை துளியும் நடுங்கவில்லை. முடிந்ததும் கல்லை எடுத்துவிட்டுக் காலித் தட்டில் பூஜ்யம் காட்டுகிறதா என்று பார்த்தார். பிறகு புது ஸ்டிக்கர் எழுதி ஒட்டினார்.

மாடியில் நாத்தனார் இதைக் கேட்டுவிட்டு, "அப்ப கடைக்காரன் மாதிரி எனக்கு எடையில கையை வெச்சுடாதே அண்ணா" என்றாள். பிறகு அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் யார் கையையும் அவ்வளவு நேரம் பிடித்துக்கொண்டிருந்து நான் பார்த்ததில்லை.

ஆபரேஷன் அன்று நான் காத்திருக்கும் கூடத்தில் உட்கார்ந்திருந்தேன். ஒரே குடும்பத்தில் இரண்டு பேரை இரண்டு கதவுக்குள் அனுப்பிவிட்டு உட்கார்ந்திருப்பது என்னவென்று சொல்ல எனக்குத் தெரியவில்லை. டேப்பை விரலில் சுற்றிச் சுற்றிப் பிரித்தேன். மத்தியானம் டாக்டர் வெளியே வந்தார். தொப்பி அடையாளம் நெற்றியில் பதிந்திருந்தது.

"அறுநூத்தி முப்பது கிராம். அந்தப் பக்கம் வெச்சு ரத்தத்தை விட்டதும் நிறம் மாறிச்சு. உடனே பித்தம் சுரக்க ஆரம்பிச்சுடுச்சு. ரெண்டு பேரும் நல்லா இருக்காங்க."

அறுநூற்று முப்பது கிராம். நான் வாங்குகிற ஒரு துணிக்கட்டுகூட அதைவிடக் கனமாக இருக்கும். காலையில் ஓர் உடம்புக்குள் இருந்து அதற்காக உழைத்தது, மத்தியானம் இன்னோர் உடம்புக்குள் போய், யார் என்ன என்று கேட்காமல் வேலையைத் தொடங்கிவிட்டது. இப்படிப்பட்ட ஒன்றைத்தான் நாங்கள் மூன்று வாரம் பட்டினி போட்டு வதைத்தோம் என்று நினைத்து வெட்கமாகவும் இருந்தது.

மறுநாள் இவர் கண் விழித்தபோது என்னை உள்ளே விட்டார்கள். உதடு காய்ந்து போயிருந்தது. ஏதோ முனகினார். குனிந்து கேட்டேன்.

"எவ்வளவு?"

"அறுநூத்தி முப்பது."

கண்ணை மூடினார். தூங்கிவிட்டார் என்று நினைத்தேன். மறுபடி உதடு அசைந்தது. "காலித் தட்டுல பூஜ்யம் காட்டிச்சா?"

"காட்டிச்சு, காட்டிச்சு. தூங்குங்க" என்றேன். அழுதுகொண்டே சிரித்ததில் நர்ஸ் என்னை வெளியே அனுப்பிவிட்டாள்.

பக்கத்து அறைக் கண்ணாடி வழியாக நாத்தனாரைப் பார்த்தேன். நாலாம் நாள் அவள் கண்ணில் மஞ்சள் வெளுக்கத் தொடங்கியிருந்தது.

மூன்று மாதம் கழித்து இருவருக்கும் ஸ்கேன் எடுத்தார்கள். இவருடையது கிட்டத்தட்ட முழு அளவுக்கு வளர்ந்திருந்தது. அவளுக்குள் போனதும் வளர்ந்து அவள் உடம்புக்கு ஏற்ற அளவில் நின்றிருந்தது. முதல் நாள் நகம் மாதிரியா என்று கேட்ட அதே நாற்காலியில்தான் உட்கார்ந்திருந்தேன். டாக்டர் என்னைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினார். நான் தலையை ஆட்டினேன். ஒன்றை வெட்டி இரண்டு முழுசு ஆனதை என் கண்ணால் பார்த்துவிட்டேன்.

போன ஞாயிற்றுக்கிழமை காலையில் நான் தையல் மெஷினில் நூல் கோத்துக்கொண்டிருந்தேன். இவர் சமையலறையில் முட்டை அவித்துக்கொண்டிருந்தார். இப்போதும் பாதித் தட்டு காய்தான். எடை எண்பத்தொன்பது, ஏறினால் ஒன்று, இறங்கினால் ஒன்று, அதைப் பற்றி அவர் அதிகம் பேசுவதில்லை. அப்போது மாடிப்படியில் செருப்புச் சத்தம் கேட்டது. எண்ணினேன். பதினாறு படி. எங்கேயும் நிற்கவில்லை.

உள்ளே வந்தவள் நேராக என் அலமாரியைத் திறந்தாள். புள்ளி போட்ட நீலத் துணியை எடுத்து என் மடியில் போட்டாள். பிறகு எனக்கு முன்னால் வந்து இரண்டு கையையும் பக்கவாட்டில் தூக்கிக்கொண்டு நின்றாள்.

"அளவு எடுங்க அண்ணி. கொஞ்சம் தாராளமாவே தைங்க. நான் இன்னும் உடம்பு போடுவேன்."

கழுத்திலிருந்து டேப்பை உருவி அவளைச் சுற்றிப் பிடித்தேன். எண்ணைப் படிக்கக் கண் தெரியவில்லை. இவர் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு வந்து, என் தோளுக்கு மேலே குனிந்து, அந்த எண்ணைப் படித்துச் சொன்னார்.